பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்தில், தலவாக்கலைக்கும் ஹற்றனுக்கும் இடையில், வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒரு இரகசிய நூலகம் உண்டு, அங்கே உள்ள மந்திரப் புத்தகத்துக்கு மலையில் பிறந்த எல்லோருடைய பெயரும் தெரியும், நம் பெயரைச் சொல்லித் திறந்தால் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று வரிசையாக எழுத்து எழும்பும், பாம்பு காவல் இருக்கிறது என்றெல்லாம் அம்மாயி சொல்லி வளர்த்திருக்கிறார். போன மாதம் தம்பி அங்கே போய், ஆலயத்துக்குள் இருக்கை வரிசைகளுக்கு இடையிலான நடுவழியில் பலகைத் தரையைக் காலால் தட்டிப் பார்த்திருக்கிறார். வெற்றொலி கேட்டதாம். வெளிச்சுவரின் அடிப்பக்கத்தில் இரும்புக் கம்பி போட்ட துளைகளும் இருந்தனவாம். கீழே உண்மையில் என்ன இருக்கிறது என்பது அவருடைய கேள்வி.

கீழே காற்று இருக்கிறது, தம்பி. காற்றும் ஈர மண்ணும். ஊகித்துச் சொல்லவில்லை. பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்து அது எந்த ஆலயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தகப்பனார் அங்கே உபதேசியாராக, அதாவது குருவானவருக்குத் துணையாக வேதம் கற்பிப்பவராக, இருந்தவர். நான் தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வு பெற்றபின், அந்த ஆலயத்துப் பழைய ஏடுகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் அதன் பெயரை எழுதாமல் விட்டது மிகவும் நல்லது. நானும் எழுத மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வெற்றொலி. மரப்பலகைத் தரையை நேராக மண்ணில் படுக்கவைத்தால் நம் மலை ஈரத்துக்குச் சில வருடங்களிலேயே உளுத்துப்போகும். அதனால் கட்டியவர்கள் தரைக்கு அடியில் ஒன்றரை அடி அளவுக்கு வெற்றிடம் விட்டு, குட்டைச் சுவர்கள் எழுப்பி, அவற்றின்மேல் மரச்சட்டங்களைப் போட்டுப் பலகை அடித்தார்கள். அந்த வெற்றிடத்தில் காற்று ஓட வேண்டும். நீங்கள் பார்த்த துளைகள் அதற்காக வைத்தவை. மரநாயும் எலியும் புகுந்துவிடாமல் இருக்கக் கம்பி. பீடத்துப் பக்கம் போய்த் தட்டியிருந்தால் ஒலியே வந்திருக்காது. அங்கே கல் பாவியிருக்கிறது. துரைமார் பங்களாக்களில் பலகை போட்ட அறைகள் பலவற்றிலும் இதே வேலைப்பாடுதான்.

இனி, நூலகத்தை நிலத்துக்கு அடியில் வைக்க யாராவது நினைத்திருப்பார்களா என்று பார்ப்போம். எங்கள் பக்கத்துச் சரிவில் மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்த கூறைச்சேலையே பூசணம் பிடிக்கும். மண்ணைத் தோண்டினால் எந்த இடத்தில் ஊற்றுக் கிளம்பும் என்று தோட்டத்தில் வடிகால் கான் வெட்டிய பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட மண்ணுக்குள் தாளை வைப்பது அடுப்புக்குள் வைப்பதற்குச் சமம்.

ஆங்கிலேயர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. இங்கிலாந்தில் கிரந்தம் என்ற ஊரில், புனித வுல்ஃப்ரம் ஆலயத்தில் 1598இல் ஏற்படுத்திய நூலகம் இன்னும் இருக்கிறது. புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்த நூலகம். அது இருப்பது தெற்கு வாசல் மண்டபத்துக்கு மேலே உள்ள மாடி அறையில். சங்கிலி இருப்பதால் மந்திரம் என்று எண்ண வேண்டாம். புத்தகம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம் அது, யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் கட்டினார்கள். நம் மலையிலேயே கிறிஸ்தவத் துறவிகளின் பொறுப்பில் ஒரு பழைய நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் ஹப்புத்தளைக்குப் போகலாம். தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டி முடித்த அதிசாம் மாளிகை, 1960களிலிருந்து பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக இருக்கிறது. அவருடைய நூலக அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் போய்ப் பார்க்கலாம். இரகசியம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் அம்மாயி பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மலையில் பழைய கல் எதற்கும் ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கும். பதுளை புனித மாற்கு ஆலயம் 1857இல் மேஜர் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்துபோனார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் இடி விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஊர் சொல்லும். மஸ்கெலியாப் பக்கம் வறட்சிக்கு மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றினால் பழைய நகரத்தின் கோயில் மேலே தெரியும். பிள்ளைகளுக்குக் கதை கிடைக்க வேறென்ன வேண்டும்? மாத்தளைப் பக்கம் அலுவிகாரைக் குகைகளில், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாக வந்த பௌத்தத் திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள். பாறைக்குள் ஏடு என்பது நம் மலைக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரருக்கு எதிரான 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் பல அழிந்தன.

இவையெல்லாம் பொதுவான கதைகள். உங்கள் அம்மாயி சொன்ன கதையில் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. "பாட்டன், பூட்டன்" என்கிறார். புதையல் கதைகளில் பொன்னும் குடமும் வரும், பூட்டன் வருவதில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

1948இன் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தால் மட்டும் ஒருவர் இலங்கையர் ஆகிவிட முடியாது. தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அது முடியாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முந்திய காலத்தில், மணமானவர்கள் 7 வருடமும் மணமாகாதவர்கள் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததற்குச் சான்று கேட்டார்கள். 1951 ஆகஸ்ட் வரை விண்ணப்பிக்கலாம். சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. கடைசியில் கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மற்றவர்களின் கதை, இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், கப்பல், இராமேஸ்வரம் என்று போனது. மிச்சமிருந்தவர்களுக்கு முடிவு வர 2003 சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த 1949, 1950, 1951 வருடங்களில் எங்கள் ஆலயத்து வாசலில் வரிசை நின்றதாக அப்பா சொல்வார். பெரட்டு எனும் ஆள்கணக்கு முடிந்து, கொழுந்து நிறுத்து, இருட்டியபின்தான் சனங்களால் வர முடியும். வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். ஆலயத்துக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் துணையோடு தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், போன இடமெல்லாம் பள்ளிக்கூடம் வைத்தது. ஆலயத்து வாங்குகளிலேயே பிள்ளைகள் இருந்து படித்தார்கள். சேர்வுப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், வயது, தகப்பன் பெயர், தோட்டம் எல்லாம் இருக்கும். திருநீறு பூசிய பிள்ளையின் பெயரும் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் பெயரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும். தோட்டத்து ஒபிசில் செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவேட்டைத் தேடினால் கறையான் தின்றுவிட்டது என்று பதில் வரும். ஆலயத்தில் மட்டும் தாள் இருந்தது.

பதிவேடுகள் இருந்த இடத்தைக் கவனியுங்கள். பீடத்துக்கு இடப்பக்கம், குருவானவர் அங்கி மாற்றும் சின்ன அறை. ஆலயம் சரிவில் இருப்பதால் அந்த அறை மட்டும் தாழ்வு. இரண்டே இரண்டு படி இறங்க வேண்டும். அதற்குள் ஒரு இரும்புப் பெட்டி, நான்கு கருங்கல் துண்டுகளின்மேல் உயர்த்தி வைத்தது. அப்பா அரிக்கன் லாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் படியில் இறங்குவார். வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் தரைக்குள் போவது போலத்தான் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, ஒருவருடைய பாட்டன் பெயரை உரக்கச் சொல்வார். எழுத்தறியாத ஒரு தாய், தன் கணவன்கூட முகம் பார்த்திராத ஒரு மாமனாரின் பெயர் பூமிக்கு அடியிலிருந்து வந்ததைக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பாள்? உங்கள் அம்மாயியின் கதை அந்த வரிசையில் பிறந்தது என்பது என் முடிவு. பாம்பு பிறகு வந்து சேர்ந்திருக்கும். காவல் பாம்பு இல்லாமல் நம் ஊரில் எதையும் ஒளித்து வைப்பதில்லை.

வேறு நாட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. எகிப்தின் பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்ற யூத ஆலயம். அதன் மேல்பகுதியில் கதவில்லாத ஒரு அறை. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பதால் பல நூற்றாண்டுகளாகப் பழைய தாள்களையெல்லாம் அங்கே போட்டுவந்தார்கள். 1864இல் பார்க்கப் போன ஒருவரிடம் பாம்பும் பேயும் இருப்பதாகச் சொல்லிப் பயம் காட்டினார்களாம். 1896இல் சொலமன் ஷெக்டர் என்ற அறிஞர் போய் அள்ளிக்கொண்டு வந்தார். வேத ஏடுகளோடு திருமண ஒப்பந்தங்களும் வியாபாரக் கணக்குகளும் கடிதங்களும் கிடைத்தன. ஒரு கடலோர உலகத்தின் அன்றாட வாழ்க்கையை அறிஞர்கள் அதைக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அங்கே தாள் பிழைத்ததற்குக் காரணம் எகிப்தின் வறண்ட காற்று. எங்களுக்கு அந்த வரம் இல்லை.

பெட்டிக்குள் இருப்பதை உங்கள் கண்முன் வைக்கிறேன். 1880களின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று. தோல் அட்டை, மூலைகளில் எலி கொறித்த தடம். ஆங்கிலத்தில் அச்சிட்ட நிரல்கள். தகப்பனின் தொழில் என்ற நிரலில் மேலே ஒரு தடவை கூலி என்று எழுதி, கீழே பக்கம் முடியும்வரை மேற்படிக் குறியாக இரட்டைப் புள்ளிகள். ஒரே முத்துசாமியை அவருடைய மூன்று பிள்ளைகளின் வரிகளிலும் வெள்ளைக்காரக் குருவானவர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார். வாசித்தால் மூன்று வேறு ஆட்கள் என்றே தோன்றும். அதே பக்கத்தின் ஓரத்தில், அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் பென்சிலால் மிகப் பொடியாகத் தமிழில் திருத்தி வைத்திருக்கிறார். சரியான பெயர், ஊர், மேட்டு லயமா பணிய லயமா என்ற விவரம். அந்தப் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று யாராலும் நிறுவ முடியாது. மை பழுப்பாகிவிட்டது. அழுத்தி எழுதிய இடங்களில் தாளே அரித்து, எழுத்தின் வடிவில் ஓட்டை விழுந்திருக்கிறது. இரும்புச் சத்துள்ள பழைய மை அப்படித்தான், ஈரம் பட்டால் தாளைத் தின்னும். பென்சில் எழுத்து மட்டும் எழுதிய நாள் போல இருக்கிறது.

ஆலயத்தின் பெயரை ஏன் எழுத மாட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு யூலை மாதம், ஞாயிறு ஆராதனைக்காகக் கதவைத் திறக்கப் போனேன். நடுவழியில் ஏழு பலகைகளைப் பெயர்த்திருந்தார்கள். எலுமிச்சம்பழம், கர்ப்பூரச் சாம்பல், கோழி இறகு. பலகைக்கு அடியில் மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி, தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மண் குவியலில் எனக்குக் கிடைத்தது, தச்சனுடைய இழைப்புளிச் சுருள் கொஞ்சம், உடைந்த சிலேட்டுக் குச்சி ஒன்று. பலகை இடுக்கு வழியாக ஏதோ ஒரு பிள்ளை தவறவிட்ட குச்சி.

அதோடு போயிருந்தால் பலகையை அடித்துவிட்டு மறந்திருப்பேன். மந்திர ஏட்டைத் தேடி அவர்கள் அந்த இரும்புப் பெட்டியையும் உடைத்திருந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேடுகள் மேசையில் கிடந்தன. பாடசாலைச் சேர்வுப் பதிவேடுகளில் ஒன்று உடைந்த யன்னலுக்குக் கீழே விழுந்து, வியாழனா வெள்ளியா தெரியவில்லை, இரண்டு மூன்று நாள் மழையில் ஊறியிருந்தது. எனக்கு அப்போது விவரம் போதாது. அதை எடுத்துப்போய்க் குசினி அடுப்பின்மேல் பரணில் வைத்து உலர்த்தினேன். வழுவழுப்பான தாள் அது. காய்ந்ததும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி ஆகிவிட்டது. ஈரமாக இருந்தபோதே பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் மெல்ல உலர்த்தியிருக்க வேண்டும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாசி மாதம் ஒரு அக்கா கண்டியிலிருந்து வந்தார். தன் தாயார் படித்த வருடத்தைச் சொன்னார். அந்த வருடம் முதுகில் எழுதியிருக்கிறது, என் கையில் இருக்கிறது, திறக்க முடியவில்லை. அவர் அந்தக் கட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதையல் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். தோண்டுகிறவன் தேடும் பொருள் கீழே இல்லை, அவன் காலில் மிதிபடும் பொருள்தான் அழிகிறது.

உங்கள் வீட்டிலும் பழைய தாள் இருக்கும். அம்மாயியின் பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துத் துண்டுச் சீட்டு, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். தயவுசெய்து கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக் உறைபோட்டு லெமினேட் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து தாளைப் பழுதாக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், யன்னலோரம் வைத்துத் தொலைபேசியில் நேராகப் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் துணியில் வசம்பு முடிந்து வைப்பார்கள், நானும் வைக்கிறேன். 2005இல் ஆரம்பித்த நூலகம் என்ற இணைய ஆவணகம் ஈழத்து ஏடுகளோடு மலையக ஏடுகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. எங்கள் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கும் வேலையை நானும் தொடங்கியிருக்கிறேன். கையால் எழுதிய பெயர்களைத் தட்டச்சு செய்யத்தான் ஆள் போதவில்லை.

உங்கள் அம்மாயியைத் தேட எனக்குச் சில விவரங்கள் வேண்டும். அவருடைய தகப்பனார் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு என்றால் அதுவும். பெரிய கங்காணியின் பெயர். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சனங்கள் வழங்கிய தமிழ்ப் பெயரும் லயத்தின் பெயரும் போதும். பக்க ஓரத்தில் உபதேசியார் எழுதியதில் அவைதான் இருக்கும். வயது சரியாகத் தெரியாது என்றால், காமன் கூத்துக்கு முன்னா பின்னா, பெரிய மண்சரிவு வந்த வருடமா என்று அவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள்.

வருவதாக இருந்தால் பெப்ரவரியில் வாருங்கள். மழை இல்லாத மாதங்களில்தான் பெட்டியைத் திறக்கிறேன். அம்மாயியால் நடக்க முடியும் என்றால் அவரையும் கூட்டி வாருங்கள். பிரதான வாசல் படி வழுக்கும், தேயிலை மலைப் பக்கத்துச் சின்னக் கதவால் வரலாம். அங்கி அறைக்குள் இரண்டு படி இறங்கும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கே வெளிச்சம் குறைவு.